கறுப்பு பானெட்டில் ஹெவி காம்பவுண்ட்: எவ்வளவு தேய்க்கலாம், எங்கே நிறுத்தணும்

இரவில் பெட்ரோல் பங்க் விளக்குக்குக் கீழே ஒரு கறுப்பு காரை நிறுத்திப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும். தலையைச் சற்று நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். உண்மையில் அந்தக் கோடுகள் வட்டமே இல்லை. பானெட் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஆயிரக்கணக்கில் கிடக்கும் குட்டிக் குட்டி நேர்க்கோடுகள் அவை. வெளிச்சத்துக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகிறது. அதனால் "வட்டமா துடைச்சதாலதான் சுழல் விழுந்துச்சு, நேரா துடைச்சா விழாது" என்று சொல்வதில் பெரிய அர்த்தமில்லை. துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மண் இருந்தால் எப்படித் துடைத்தாலும் கோடு விழும்.

மண் எப்படி வருகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே பக்கெட் தண்ணீரில் நாலு வண்டி கழுவுவது, கீழே விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி துடைப்பது, காலையில் காய்ந்த தூசியை நூல் துடைப்பத்தால் தட்டுவது, அழுக்கு வண்டிமேல் கவரைப் போட்டுக் காற்றில் ஆடவிடுவது. ஆயுத பூஜைக்கு பானெட்டில் வைத்த சந்தனம் கல் மாதிரி காய்ந்த பிறகு வறட்டுத் துணியால் அழுத்தித் துடைப்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தனம் வைத்த இடத்தைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு ஒரு தனிச் சுழல் பல வண்டிகளில் இருக்கும்.

இந்தக் கோடுகளை எடுக்க ஹெவி காம்பவுண்டை (பெயிண்டைத் தேய்த்து வெட்டும் துகள் கலந்த பசை) கையில் எடுப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. காம்பவுண்ட் கோட்டை நிரப்புவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. கோட்டின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியிருக்கும் பெயிண்டைச் சீவி இறக்குகிறது. குழியை மூட ஊரையே குழியின் ஆழத்துக்கு வெட்டுகிற மாதிரி. கோடு எவ்வளவு ஆழமோ, அவ்வளவு கிளியர் கோட் (கலருக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு) நிரந்தரமாகப் போகிறது.

அந்த கிளியர் எவ்வளவு இருக்கிறது? கம்பெனி பெயிண்ட் உள்ள பெரும்பாலான கார்களில் தகட்டுக்கு மேல் எல்லாம் சேர்த்து சுமார் 90 முதல் 140 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). ஒரு ஏ4 தாளின் கனம் சுமார் 100 மைக்ரான். அதாவது ப்ரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்தே ஒரு தாள் கனம்தான். அதில் மேலே இருக்கும் கிளியர் தோராயமாக 35 முதல் 50 மைக்ரான், தாளில் பாதி, அல்லது அதற்கும் குறைவு. ரோட்டரி மெஷினில் (ஒரே அச்சில் சுற்றும் பாலிஷ் மெஷின்) கம்பளிப் பேடும் (முனையில் மாட்டும் வட்ட மெத்தை) ஹெவி காம்பவுண்டும் போட்டு நன்றாக ஒருமுறை தேய்த்தால் 3 முதல் 5 மைக்ரான் போகலாம், கை கனமானால் இன்னும் கூட. கிளியருக்குள் கலந்திருக்கும் யூ.வி. தடுப்புதான் கீழே உள்ள கலரை வெயிலிலிருந்து காக்கிறது. மொத்த ஆயுளுக்கும் 8 மைக்ரானுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. வருடா வருடம் "ரப்பிங் பாலிஷ்" போடும் வண்டிகளில் நாலைந்து வருடத்தில் பானெட்டும் ரூஃபும் வெளுத்து உரிவதற்கு வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது.

எனவே முதலில் வாங்க வேண்டியது காம்பவுண்ட் இல்லை, பெயிண்டின் கனத்தை அளக்கும் பெயிண்ட் திக்னெஸ் கேஜ். ஒவ்வொரு பேனலிலும் ஐந்தாறு இடத்தில் வைத்துப் பாருங்கள். 100, 110, 105 என்று வந்தால் கம்பெனி பெயிண்ட். 200க்கு மேல் போனால் அந்தப் பேனல் ஏற்கெனவே பெயிண்ட் பட்டறையைப் பார்த்திருக்கிறது. 500, 1000 என்று எகிறினால் உள்ளே பட்டி இருக்கிறது. ரீபெயிண்ட் ஆன பேனலில் எண் பெரிதாக இருக்கிறதே என்று தைரியமாகத் தேய்க்கக் கூடாது, ஏனென்றால் கேஜ் மொத்தக் கனத்தைத்தான் சொல்லும். அதில் கிளியர் எவ்வளவு என்று சொல்லாது. 300 மைக்ரானில் 270 ப்ரைமராகவே இருக்கலாம். மற்ற பேனல்கள் 105 காட்டும்போது ஒன்று மட்டும் 75 காட்டினால், அங்கே யாரோ முன்பே வேலையைக் காட்டிவிட்டார்கள். அந்தப் பேனலில் ஹெவி காம்பவுண்ட் வேண்டாம். சாதாரண கேஜ் இரும்பு, அலுமினியத்தில் மட்டும் வேலை செய்யும். பிளாஸ்டிக் பம்பரில் எண் வராது, அதனால் பம்பரில் எப்போதும் ஒரு படி குறைவாகவே போங்கள்.

கோட்டின் மேல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் அது காம்பவுண்டுக்கு அடங்காது. அதன் விளிம்பைக் கொஞ்சம் மழுக்கலாம், கண்ணில் படுவது குறையும், அதோடு விட்டுவிட வேண்டும். கிளியர் வெள்ளையாகப் பொரிந்து உரியும் இடத்தில் எந்தக் காம்பவுண்டும் பயன்படாது, பெயிண்டரிடம்தான் போகணும்.

கழுவும் வேலையில் அவசரப்பட்டால் பின்னால் எல்லாம் வீண். ஷாம்பு போட்டு இரண்டு பக்கெட் முறையில் (ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலசும் தண்ணீர்) கழுவி, அயர்ன் ரிமூவர் தெளித்து (இரும்புத் துகள் இருக்கும் இடம் ஊதாவாக வழியும்), அலசி, பிறகு கிளே பார் (ஒட்டிய துகளைப் பிடித்து எடுக்கும் களிமண் போன்ற கட்டி). கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு ஈரமான பேனலைத் தடவினால் சொரசொரப்பு தெரியும். அது வழவழப்பாகும் வரை கிளே தேய்க்க வேண்டும், லூப்ரிகன்ட் தாராளமாக. கிளேயே மெல்லிய கோடு போடும். எப்படியும் பாலிஷ் போடப்போகிறோம் என்பதால் பரவாயில்லை. போர் தண்ணீரின் உப்புக் கறை இருந்தால் அதையும் முதலில் எடுத்துவிடுங்கள். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, குளிர்ந்த பேனலில் ஒன்றிரண்டு நிமிடம் ஈரத் துணியாகப் போட்டு, உடனே நன்றாக அலசினால் மேலோட்டமான உப்பு கரைந்துவிடும். உப்பை விட்டுவிட்டு மெஷினை ஓட்டினால் அந்தத் தூளே பேடுக்குள் போய்ப் புதுக் கோடு போடும்.

அடுத்து டேப். ரப்பர் பீடிங், கறுப்பு பிளாஸ்டிக், எம்ப்ளம், ஹெட்லைட் ஓரம், வைப்பர் முனை எல்லாவற்றிலும் ஒட்டுங்கள். கறுப்பு பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் ஏறினால் வெள்ளையாகப் படிந்துவிடும், பிரஷ் போட்டு மணிக்கணக்கில் தேய்க்கணும். கதவின் விளிம்பு, பானெட் விளிம்பு, பக்கவாட்டில் ஓடும் கூர்மையான பாடி லைன் ஆகியவற்றின் மேலும் டேப் ஒட்டுங்கள். பெயிண்ட் அடிக்கும்போது கூர்மையான முனையிலிருந்து அது வழிந்து இறங்குவதால் அங்கே கனம் எப்போதும் குறைவு. அதோடு அகலமான பேட் முனைமேல் ஏறும்போது மொத்த அழுத்தமும் ஒரு மெல்லிய கோட்டில் விழுகிறது. "கலர் வந்துடுச்சு" என்று தலையில் கைவைக்கும் சம்பவங்கள் முக்கால்வாசி இந்த முனைகளில்தான் நடக்கின்றன.

டெஸ்ட் ஸ்பாட்டில், அதாவது முதலில் சோதித்துப் பார்க்கும் சின்ன இடத்தில்தான், நேரத்தைச் செலவழிக்க வேண்டும். பானெட்டின் நடுவில், தட்டையான இடத்தில், 45 செ.மீ.க்கு 45 செ.மீ. அளவுக்கு டேப்பால் ஒரு கட்டம் கட்டுங்கள். ஹெவி காம்பவுண்டைத் தொடாதீர்கள். முதலில் சாஃப்ட்டான ஃபோம் பேடும் ஃபினிஷிங் பாலிஷும். துடைத்து, டியூப் லைட்டை அணைத்து, எல்.இ.டி. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கோடு அப்படியே இருந்தால் அதே பேடில் மீடியம் காம்பவுண்ட். அதுவும் போதவில்லையென்றால் கட்டிங் ஃபோம். அதற்கும் மசியாவிட்டால்தான் அதே பேடில் ஹெவி காம்பவுண்ட், அதன் பிறகு மைக்ரோஃபைபர் கட்டிங் பேட். கம்பளி கடைசி. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றணும், பேடையோ காம்பவுண்டையோ. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பேடின் நிறத்தை நம்ப வேண்டாம்; ஒரு கம்பெனியின் மஞ்சள் இன்னொரு கம்பெனியின் வெள்ளையைவிட மென்மையாக இருக்கும்.

இந்தச் சோதனை ஏன் என்றால், பெயிண்டின் கடினம் வண்டிக்கு வண்டி மாறும். ஜப்பானியக் கார்களின் கறுப்பு பெரும்பாலும் மென்மை: துணி பட்டாலே கோடு, ஆனால் சாதாரண பாலிஷுக்கே போய்விடும். அதில் ஹெவி காம்பவுண்டைப் போட்டால் சுழலைவிட மோசமான மங்கல் படரும். ஜெர்மன் கார்களின் கிளியர் பொதுவாகக் கடினம். மெர்சிடிஸ் 2003 வாக்கில் கொண்டுவந்த நானோ செராமிக் கிளியரில் மீடியம் காம்பவுண்டோடு அரை நாள் போராடினாலும் பெரிதாக அசையாது. ஹெவி காம்பவுண்டுக்கு நியாயமான இடம் அதுபோன்ற பெயிண்ட்தான். வெள்ளி, வெள்ளை நிறக் கார்களில் சுழல் இருந்தாலும் பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. கண்ணுக்கே தெரியாத கோட்டுக்காக 4 மைக்ரானைக் கொடுப்பது தண்டம்.

காம்பவுண்டிலேயே இரண்டு ஜாதி உண்டு, இதைக் கவனிக்காமல் மாட்டுபவர்கள் நிறைய. மென்சர்னா 400 போன்றவற்றில் உள்ள துகள் தேய்க்கத் தேய்க்க உடைந்து பொடியாகும். அதனால் முழுச் சுற்றும் ஓட்டினால்தான் பளபளப்பு வரும், பாதியில் நிறுத்தினால் கரடாகவே நிற்கும். மெகுயர்ஸ் எம்105 போன்றவற்றில் துகளின் அளவு அப்படியே இருக்கும். முதல் சுற்றிலேயே வெட்டும், சீக்கிரம் காயும், தூசி பறக்கும். காய்ந்த பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தால் புதுக் கோடுதான் கிடைக்கும். பழைய ரப்பிங் காம்பவுண்ட் டப்பா, மெக்கானிக் ஷெட்டில் பாதி காய்ந்து கிடப்பது, இரண்டிலும் சேராது. நெல்லிக்காய் அளவு எடுத்துத் துணியால் கையிலேயே தேய்த்தால் ஒரு கோட்டுக்குப் பத்து கோடு லாபம்.

மெஷின் விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால், புதிதாகத் தொடங்குபவர் டூயல் ஆக்‌ஷன் வாங்கணும். ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும், வேகமாக வெட்டும், ஒரே இடத்தில் சூட்டைக் குவிக்கும். டூயல் ஆக்‌ஷன் சுற்றிக்கொண்டே ஆடும், அதனால் சூடு பரவும், பெயிண்ட் எரியும் அபாயம் மிகக் குறைவு. ரோட்டரியில் 1000 முதல் 1500 ஆர்.பி.எம். போதும்.

இனி அந்தக் கட்டத்துக்குள் மெஷின் எப்படி ஓட வேண்டும் என்று பார்ப்போம். புதுப் பேடில் முதல் முறை மட்டும் காம்பவுண்டை மெல்லிசாக முகம் முழுக்கத் தடவி விரலால் அமுக்குங்கள். வெறும் பேட் படும் இடம் தனியாகச் சூடாகும், கோடு போடும். அதன் பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் பட்டாணி அளவில் நாலைந்து சொட்டு போதும். பேடைப் பேனலில் வைத்த பிறகுதான் ஸ்விட்சைப் போடணும், இல்லையென்றால் சுவரெல்லாம் காம்பவுண்ட். மெஷினின் வேக டயலை 1இல் வைத்துப் பரப்பிவிட்டு, 4 அல்லது 5க்கு ஏற்றுங்கள். 45 செ.மீ. தூரத்தைக் கடக்க 15 முதல் 20 வினாடி ஆக வேண்டும். பார்க்கிறவருக்குத் தூக்கம் வரும் வேகம் அது. இஸ்திரி போடுவது மாதிரி சரசரவென்று இழுத்தால் துகளுக்கு வெட்ட நேரமே இருக்காது. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூடணும். இடவலமாக ஒருமுறை, மேல்கீழாக ஒருமுறை முடித்தால் ஒரு சுற்று; அப்படி மூன்று, நான்கு சுற்று. கடைசிச் சுற்றில் அழுத்தத்தை விட்டு மெஷினின் சொந்த எடையில் மட்டும் ஓட்டுங்கள்.

அழுத்தம் 5 கிலோ அளவில் இருந்தால் சரி. அது எவ்வளவு என்று கைக்குத் தெரிய, வீட்டில் எடை பார்க்கும் மெஷின்மேல் பழைய துணியைப் போட்டு, ஸ்விட்ச் போடாமலே பேடை அழுத்திப் பழகலாம். பேடை ஒட்டிப் பிடிக்கும் பேக்கிங் பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணில் தெரியணும். பேட் ஆடுகிறது, ஆனால் கோடு ஒரே இடத்தில் நின்று நடுங்குகிறது என்றால் சுழற்சி நின்றுவிட்டது. வெறும் சத்தம்தான் வருகிறது. வளைந்த ஃபெண்டரில் இது அடிக்கடி நடக்கும். பேடைத் தட்டையாக வைத்து, அழுத்தத்தைக் குறைத்தால் மறுபடி சுற்றும்.

சரியாக ஓடும்போது காம்பவுண்ட் முதலில் வெள்ளைப் பசை மாதிரி இருந்து, பிறகு எண்ணெய்ப் படலம் மாதிரி கண்ணாடியாகும். அங்கே நிறுத்துங்கள். பேனலில் புறங்கையை வையுங்கள்: இளஞ்சூடு பரவாயில்லை, கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அளவு மீறிவிட்டது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் 50 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். பம்பரில் இன்னும் ஜாக்கிரதை. இரும்புத் தகடு சூட்டை இழுத்துப் பரப்பும், பிளாஸ்டிக் அப்படியே தேக்கி வைக்கும். வெயிலில் நின்ற கறுப்பு வண்டியின் பேனல் நீங்கள் தொடங்கும் முன்பே அந்த அளவைத் தாண்டியிருக்கும். கூரைக்குக் கீழே, காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள்.

பேட் சுத்தம்தான் பாதிப் பேர் கோட்டைவிடும் இடம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் நைலான் பிரஷ்ஷால் பேடைத் துலக்குங்கள், கம்ப்ரஸர் இருந்தால் ஊதுங்கள். பழைய காம்பவுண்டும் சீவிய கிளியரும் கலந்து பேடில் பிசினாக உருண்டு நிற்கும்; அந்த உருண்டை படும் இடத்தில் தனியாக ஒரு கோடு விழும். இரண்டு மூன்று பேனலுக்கு ஒரு பேட் மாற்றணும். ஒரு செடானுக்குக் கட்டிங் பேட் ஐந்தாறு, ஃபினிஷிங் பேட் மூன்று நான்கு, ஹெவி காம்பவுண்ட் 100 முதல் 150 மி.லி., மைக்ரோஃபைபர் துணி பதினைந்து இருபது. தரையில் விழுந்த பேடோ துணியோ துவைக்கும் வரை வண்டியைத் தொடக் கூடாது. வயரைத் தோள்மேல் போட்டுக்கொள்ளுங்கள், வாட்ச்சும் மோதிரமும் பெல்ட் பக்கிளும் வேண்டாம். தூசிக்கு மாஸ்க்.

வேலையின் நடுவில் பேடில் வண்டியின் கலர் ஒட்டியிருந்தால் உடனே நிறுத்துங்கள். பழைய அம்பாசிடர், பத்மினி போல கிளியர் இல்லாமல் ஒரே பெயிண்டாக அடித்த வண்டியில் கலர் ஒட்டுவது சகஜம். கிளியர் உள்ள வண்டியில் ஒட்டினால் கிளியர் தாண்டியாகிவிட்டது. இனி அந்தப் பேனலுக்குப் பெயிண்ட்தான் வைத்தியம்.

துடைத்ததும் பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய் கோட்டுக்குள் உட்கார்ந்து மறைத்திருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் 15 முதல் 20 சதவீதம் கலந்து தெளித்து, சுத்தமான துணியால் துடைத்த பிறகு தெரிவதுதான் உண்மை நிலவரம். "டெஃப்லான்" என்ற பெயரில் நிரப்பும் பாலிஷ் போட்டு அனுப்பும் கடைகளில் டெலிவரி அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்த வண்டி, நாலு வாட்டர் வாஷில் பழையபடி ஆவதும் இதனால்தான்.

துடைத்த பிறகு என்ன தெரிகிறது என்பதை வைத்து அடுத்த முடிவு. சுழல் போய், மேலே பனி படர்ந்த மாதிரி மெல்லிய மங்கல் இருந்தால் அது காம்பவுண்ட் விட்ட தடம். மைக்ரோஃபைபர் பேடுக்கு இது இயல்பு. ஃபினிஷிங் பாலிஷும் சாஃப்ட் ஃபோமும் இரண்டு மூன்று சுற்றில் எடுத்துவிடும். வெயிலில் பார்க்கும்போது வாலைப்போல நீண்ட நிழல்கோடுகள், வண்டியைச் சுற்றி நடந்தால் கூடவே அசைபவை, ரோட்டரியின் ஹோலோகிராம். அதற்கும் டூயல் ஆக்‌ஷனில் ஃபினிஷிங்தான் மருந்து. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆழமான கோடு நிற்கிறதா, நிற்கட்டும். நூறு கோட்டில் எண்பது போய், மீதி இருபதும் மழுங்கிவிட்டால் ஓட்டுகிறவர் கண்ணுக்கு வண்டி புதுசு. அந்த இருபதைத் துரத்துவதற்குத்தான் முதல் எண்பதுக்கு ஆனதைவிட அதிக கிளியர் செலவாகும்.

கட்டிங், ஃபினிஷிங் இரண்டும் சேர்த்து ஒருவர் தனியாகச் செய்தால் பத்து மணி நேரம் ஓடிவிடும். ஒரே நாளில் முடிக்க வேண்டுமென்று இல்லை. பானெட், ரூஃப், டிக்கி ஒரு ஞாயிறு, பக்கங்கள் அடுத்த ஞாயிறு என்று பிரித்துக்கொள்ளலாம். முடிந்ததும் மறுபடி ஆல்கஹால் துடைப்பு, பிறகு வாக்ஸோ சீலன்ட்டோ. இவை கோட்டைத் தடுக்கும் கவசம் இல்லை. அழுக்கு ஒட்டாமல் சீக்கிரம் வழுக்கிப்போக உதவும். ரீபெயிண்ட் ஆன பேனல் என்றால், அடித்து ஒரு மாதமாவது ஆகாமல் அடைக்கும் பூச்சு எதுவும் வேண்டாம், உள்ளே கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும்.

பேடுகளை அன்றைக்கே வெதுவெதுப்பான தண்ணீரில் லிக்விட் சோப் போட்டுப் பிசைந்து கழுவி, முகம் கீழே பார்த்தபடி நிழலில் காயவையுங்கள். காம்பவுண்டோடு காய்ந்த பேட் அடுத்த முறைக்கு உப்புத்தாள் மாதிரிதான்.

டேப்பை உரித்த கையோடு கேஜை மறுபடி எடுத்து, முதலில் அளந்த அதே இடங்களில் அளந்து, தேதியோடு சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்: பானெட் நடு 112, இப்போது 109, இடது முன்கதவு 104, இப்போது 102. இரண்டு வருடம் கழித்து யாராவது காம்பவுண்ட் டப்பாவோடு வந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.